வெள்ளைத் தகடு

"கண்ணைத் திறக்காமலே பேசுறார் சார். தினமும் பொழுது சாயுற நேரத்துல, அதே வார்த்தை. எங்க வார்டுல அடிபட்டுக் கிடக்கிறவரைத்தான் சொல்றேன்" என்றாள் நர்ஸ்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

பத்து நாளைக்கு முன்பு, அந்தி நேரத்தில், பள்ளிக்கூட வளைவில் ஒரு வெள்ளைக் கார் காவலாளி ஒருவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. வேகக் கேமரா எடுத்த படத்தில் நம்பர் பிளேட் வெறும் வெள்ளை. அதே ரகக் கார்களைச் சோதித்த போலீஸ், ஒரு டாக்சியின் பிளேட்டில் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பியடித்துக் கேமராவை ஏமாற்றும் ஸ்பிரே பூசியிருப்பதைக் கண்டு டிரைவரை உள்ளே தள்ளிவிட்டது. அந்த டிரைவர் இவள் தம்பி. அடிபட்டவர் கிடப்பதோ இவள் வேலை பார்க்கும் வார்டில்.

"பூசினேன், ஆனா இடிக்கலன்னு சத்தியம் பண்றான். அடிபட்டவரோட சம்சாரம் கட்டில் பக்கத்துலயே இருக்காங்க. நான் யாருன்னு சொல்லாம மருந்து கொடுத்துட்டிருக்கேன். அவன் செஞ்சிருந்தா செஞ்சான்னே சொல்லிடுங்க சார்."

"அவர் என்ன பேசுறார்?"

"நம்பர் இல்ல, வெள்ளையா வருதுங்கறார். ஜுரத்துல உளறுறார்னு டாக்டர் சொல்றார்."

பக்கத்தில் இருந்த துப்பறிவாளரின் மைத்துனர் எதிலும் முந்திரிக்கொட்டை. "அப்ப ஸ்பிரேதான் மச்சான்! கேஸ் முடிஞ்சுது."

"உட்காரு மாப்ளே."

மூவரும் காவல் நிலையத்துக்குப் போனதும், துப்பறிவாளர் கேமரா எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தார். ஓட்டியவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அதற்குக் கீழே, இமைக்காத கண் போல அந்தத் தகடு. நான்கு மூலையிலும் திருகாணிகள். நிலைய வாசலில் நின்ற டாக்சியின் பிளேட்டிலோ இரண்டே ரிவெட்டுகள்தான் இருந்தன.

அங்கிருந்து மூவரும் அவள் தம்பிக்கு ஸ்பிரே விற்ற கடைக்குப் போனார்கள். வாசலில் நின்ற கடைக்காரரின் அதே ரக வெள்ளைக் காரைத் துப்பறிவாளர் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். சுவர் முழுக்க அந்தக் காரை வைத்து எடுத்த ஸ்பிரே விளம்பரப் படங்கள். எல்லாவற்றிலும் பிளேட் வெறுமையாக இருந்தது. நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"விக்கிறது குத்தமில்ல சார். பூசிக்கிட்டு ரோட்ல போனாத்தான் குத்தம். டப்பாவுலயே போட்டிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

துப்பறிவாளர் ஒரு பழைய பிளேட்டில் ஸ்பிரேயை அடித்தார். மைத்துனர் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். நம்பர் ஒன்று விடாமல் தெரிந்தது.

"சரி, இது டுபாக்கூர்தான். அதுக்கென்ன இப்போ?" என்றார் கடைக்காரர்.

"நல்ல ஸ்பிரேயா இருந்தாலும் கேமராவைத்தான் ஏமாத்தும். மனுஷக் கண்ணை ஏமாத்தாது. அடிபட்டவர் கண்ணாலயே வெள்ளையாப் பார்த்திருக்கார். உளறலே இல்ல. அது எழுத்தே இல்லாத பிளேட். ஸ்பிரேயை நம்பினவன் அதைப் பூசிட்டு சொந்த நம்பரோடதான் போவான். வெறும் பிளேட்டை மாட்டுறவன், அது வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சவன். உங்களைவிட அது யாருக்குத் தெரியும்? உங்க பிளேட்ல ஸ்பிரே இல்லாததாலதான் போலீஸ் உங்களை விட்டுட்டாங்க. உங்க கார்ல நாலு திருகாணி, நாலுலயும் கழட்டி மாட்டின கீறல். இந்தப் படங்களுக்கு மாட்டின வெள்ளைத் தகடு எங்க?"

கடைக்காரரின் பார்வை கீழ் டிராயருக்குப் போய்த் திரும்பியது. மைத்துனர் அதை இழுத்தார். தகட்டின் ஒரு மூலை மடங்கியிருந்தது. மடிப்பில் காவலாளிச் சட்டையின் நீல நூல் சிக்கியிருந்தது.

"நிறுத்தியிருக்கணும்" என்று முனகினார் கடைக்காரர்.

போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. "ஸ்பிரே பூசினதுக்கு உன் தம்பிக்கு அபராதம் உண்டும்மா. ஆனா வெளியே வந்துடுவான்" என்றார் துப்பறிவாளர். அவள் அழுதாள். பிறகு நேரே வார்டுக்குப் போய், காவலாளியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னாள்.

"தெரியும்மா. உன் தம்பியைப் பிடிச்ச அன்னிக்கே போலீஸ் சொல்லிட்டாங்க" என்றார் அந்த அம்மா. "நீ அவருக்கு உடம்பு துடைச்சுவிடுறதைப் பார்த்தேன். அதான் கேட்கல."