‘ஏ’ அமுக்கினால் நிற்கும்

பத்து விநாடி எந்த விசையையும் தொடாவிட்டால் தானாக மூடிக்கொள்ள வேண்டிய நிரல், அமுதவல்லி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தும் மூடவில்லை. அமுக்கிய விசையின் எண்ணைக் காட்டும் நிரல் அது. கறுப்புத் திரையில் 16 என்று வந்தது. மறுபடியும் 16.

கீபோர்டில் ‘ஏ’ தானாக இறங்கி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான், ஆனால் சேதராப்பட்டுத் தொழிற்சாலையின் தகரக் கொட்டகைக்குள் மழை இருட்டு கவிந்திருந்தது; கூரையில் ஓயாத இரைச்சல், கிரீஸ் நெடி, அதற்கடியில் பினாயில் ஊற்றிக் கழுவியும் போகாத இன்னொரு வாடை. பிரான்சிலிருந்து பழையதாக வந்த, தகடு அழுத்தும் பிரஸ்ஸோடு வந்த கீபோர்டு அது. எழுத்தெல்லாம் பிரெஞ்சு வரிசை, கணினியின் லினக்ஸோ அமெரிக்க வரிசை. ‘ஏ’ என்றிருந்ததை அமுக்கினால் ‘க்யூ’ போகும். கணினிக்கு ‘ஏ’ போனால் பிரஸ் நிற்கும், ‘க்யூ’ போனால் அதன் இரும்புத் தட்டு இறங்கும். போன மாதம் பிரஸ் ஓட்டிய பக்கிரி, தட்டுக்கடியில் தலையை விட்டபடியே கையை நீட்டி ‘ஏ’வை அமுக்கினான். தலையை வாளியில்தான் அள்ளினார்கள்.

பாவம், இன்னமும் நிறுத்தத்தான் பார்க்கிறானா? பயத்தைவிட இரக்கம்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வந்தது. விசை ஓய்ந்து நிரல் மூடியதும் பிரெஞ்சு வரிசையை ஏற்றினாள்.

“மாத்திட்டேண்ணே,” என்றாள் காலியான கொட்டகையைப் பார்த்து. “இனிமே ‘ஏ’ அமுக்குனா நிக்கும். ‘க்யூ’ அமுக்குனாதான் எறங்கும்.”

“யாராண்ட பேசுற?” மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்த அவள் கணவன் ராஜவேல் சிரித்தான். பிரஸ் உறுமியது. தட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, போல்ட்டு முடுக்க அதன் அடியில் மல்லாந்து நுழைந்தான்.

சரிபார்க்க நிரலை மறுபடி திறந்தாள். அது திறந்திருக்கும்வரை அமுக்குவது எதுவும் பிரஸ்ஸுக்குப் போகாது. மூடிவிட்டால் போகும்.

திரையில் எண் வந்தது. அவள் எதையும் தொடவில்லை.

16 அல்ல. 30.

‘க்யூ.’

பக்கிரி நிறுத்தப் பார்க்கவில்லை. எது இறக்குமோ அதைத்தான் அமுக்குகிறான். எது என்று சொல்லிக் கொடுத்தவள் அவளேதான்.

“ஏங்க! வெளிய வாங்க!”

“இன்னா அமுதா? ஒரே ஒரு போல்ட்டுதான், இரு.”

“வாங்கன்னா வாங்க!”

எண்கள் நின்றன. நிரல் மூடட்டும் என்று அது காத்திருந்தது. அதை மூடவிடாமலிருக்க அவள் கண்ட விசையை எல்லாம் அறைந்தாள். திரை அசையவில்லை. அவள் விரல்களை அது ஏற்கவில்லை. கீபோர்டைப் பிடுங்கினாள். ஒயர் கழன்று கையோடு வந்தது.

நிரல் மூடியது.

தட்டு இறங்கியது. பச்சை மட்டையை முறிப்பது போல ஒரு சத்தம். வெளியே நீட்டியிருந்த ராஜவேலின் கால்கள் ஒருமுறை உதைத்தன. தட்டு ஏறியது, சொட்டியது. மறுபடி இறங்கியது. மறுபடி.

ஒயர் தொங்கிய கீபோர்டை மார்போடு அணைத்தபடி நின்றாள். அதில் ‘க்யூ’ உள்ளே போனது போனதுதான், எழவே இல்லை.

அதற்கு நேர் மேலே இருந்த ‘ஏ’ இப்போது இறங்கியது. ஏறியது. இறங்கியது. வேகமாக, இன்னும் வேகமாக, வேறு யாரோ பதறிப் பதறி அதை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.