டிஸ்க் இல்லாமல் எழுந்த கணினி

கணினி முதலில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எழும்படி மாற்றி, சேமித்துவிட்டுத்தான் வெளியே வந்தான். மறுபடி பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தால், பூட் வரிசையில் நெட்வொர்க்கே பழையபடி முதலிடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் மதர்போர்டு பேட்டரியைக்கூட இப்போதுதான் புதிதாக மாற்றியிருந்தான். கணினி பழுது பார்ப்பதே பிழைப்பு என்றாகிவிட்டவனிடமே இதன் வீம்பு!

வெளியே மத்தியான மழை. மகள் இறந்ததிலிருந்து அக்கா இந்த அறையின் திரைச்சீலைகளைத் திறப்பதேயில்லை. காயாத துணியின் வாடையும் சூடேறிய தூசியின் வாடையும் கலந்து, கணினி விசிறியின் இரைச்சலோடு அவன் மூக்கருகிலேயே நின்றன. அக்கா பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

"குட்டி பாடின வீடியோ எல்லாம் இதுலதான்டா இருக்கு. வேற எங்கயும் இல்ல. அவ குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்."

"கேக்கலாம்க்கா. கொஞ்சம் பொறு."

உள்ளே நுழைவது யார் என்று சரிபார்க்கும் காவல் ஒன்று பயாஸில் உண்டு. வீணாக அடம்பிடிக்கும் என்று தொழில்காரர்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவார்கள். அவனும் அணைத்தான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். நெட்வொர்க் கேபிளையும் உருவி எறிந்துவிட்டு, கணினியை மறுபடி இயக்கினான். எழுவதற்கு எதுவும் இல்லை என்று திரை சொன்னால், மதர்போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

திரை அப்படிச் சொல்லவில்லை. யாராவது இருக்கிறீர்களா என்று கணினி நெட்வொர்க்கில் தேடியது. புள்ளிமேல் புள்ளியாக வைத்துக்கொண்டே போனது. பதில் கிடைத்தது என்றது. ஏற்றுகிறேன் என்றது; அடியில் ஒரு கோடு மெல்ல நிரம்பத் தொடங்கியது.

ஸ்பீக்கரில் ஒரு சின்ன மூச்சு. பிறகு குட்டி பாடினாள். நடுவில் அடி மறந்து, கெக்கெக்கென்று சிரித்தாள். அவன் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது. நல்லாப் பாடுது," என்றாள் அக்கா. "யாருடா அந்தப் பொண்ணு?"

திரும்பிப் பார்த்தான். அவள் விளையாடவில்லை.

"நம்ம குட்டிக்கா!"

"எந்தக் குட்டி?"

திரையில் கோடு பாதி நிரம்பியிருந்தது. குட்டியின் நெற்றி தெரிந்தது. பிறகு காது. காதுக்குப் பின்னால், பெற்றவள் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய மச்சம்.

டிஸ்க் இல்லை. கேபிள் இல்லை. அது அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

கணினி, திரை இரண்டின் பிளக்கையும் பிடுங்கினான். விசிறி நின்றது. திரை அணையவில்லை.

"அக்கா! என்னைப் பாரு! நான் யாரு, சொல்லு!"

வாய் திறந்தது. சொல் வரவில்லை. தோளிலிருந்த கை நழுவி விழுந்தது.

கோடு நிரம்பியது.

முழுசாய்க் குட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, மூக்கை அழுத்தி எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சுப் பட்டுத் திரை உள்பக்கமாகப் பனித்தது.

அக்காவின் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

"மாமா," என்றாள் குட்டி, "அம்மா ஏன் பேச மாட்டேங்கறாங்க?"