கொட்டகைக் கயிறு

காலையில் வெர்னா தொய்வாகக் கட்டிய கயிறு இப்போது விறைப்பாக நின்றது.

அமெரிக்காவின் டகோடாவில், பனிப்புயலில் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகிறவர் வழி தவறிச் சாகாமலிருக்க, முதலில் குடியேறியவர்கள் வீட்டுக் கதவிலிருந்து கொட்டகை வரை கயிறு கட்டினார்கள். அருங்காட்சியகமாகிவிட்ட இந்தப் பழைய மண்வீட்டில் அவள்தான் வருஷா வருஷம் அதைக் கட்டுகிறாள். ‘முடிச்சு நழுவி இந்த வீட்டுக்காரன் ஹால்வர் விறைத்துச் செத்தான்’ என்றே இத்தனை காலம் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். இன்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். தினமும் அடி வாங்கிய அவன் மனைவி சிக்னே, அவன் கொட்டகைக்குப் போயிருந்தபோது தன் கையாலேயே அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டாள். ஊருக்கே தெரிந்த கதைதான், யாரும் வாய் திறப்பதில்லை.

அருங்காட்சியகத் தலைவர் ஆர்லன் வெர்னாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார்.

“அவன் பேரனுங்க இதே ஊர்லதான் இருக்காங்க. செத்தவன எதுக்கு வம்புக்கு இழுக்கிற?”

“அவனே வந்து கேக்கட்டும். பதில் சொல்றேன்.”

மாலையில் புயல் எழும்பியதும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கொட்டகை விளக்குகளை அணைக்க அவள் மட்டும் நின்றாள். வெளியே வந்தபோது வீடும் இல்லை, வானமும் இல்லை. எங்கும் ஒரே வெள்ளை, காதை அறையும் காற்று, அதற்குள் எங்கிருந்தோ ஈரக் கம்பளியும் புகையிலையும் கலந்த வாடை. இடது கையால் கயிற்றைப் பற்றியபடி வீட்டை நோக்கி நடந்தாள்.

பின்னால் கயிறு அதிர்ந்தது. காற்றால் அல்ல, யாரோ பிடித்து வருவதால். ஒரு கை. மறு கை. அவள் நின்றால் அதுவும் நின்றது.

வீட்டுக் கதவு கையில் தட்டுப்பட்டது. முடிச்சை அவிழ்த்துவிட்டாள். “சிக்னே செஞ்சது சரிதான்டா!”

யாரோ வெடுக்கென்று இழுத்தாற்போல் நுனி பனிக்குள் மறைந்தது. அவள் உள்ளே பாய்ந்து தாழிட்டாள். சிரிப்புகூட வந்தது. கையுறையைக் கழற்றினாள்.

மணிக்கட்டில் முடிச்சு. காலையில் அவள் போட்ட அதே முடிச்சு. கயிறு கதவடி இடுக்கு வழியாக வெளியே ஓடியது.

கதவு நிலையில் காலை ஊன்றி, இரு கையாலும் பிடித்தாள். “இழுடா, பாப்போம்.”

கயிறு இறுகி நின்றது. பிறகு இடுக்கு வழியே விரல்கள் வந்தன. உறைபனி பூத்த, நகம் கறுத்த விரல்கள். கயிற்றைப் பற்றியபடி, ஒரு கை. மறு கை.