ஞாயிறு டயர், திங்கள் டயர்

குருவிக்கு அம்மா தலை பின்னிவிடும் நேரம்தான் கதை நேரம். மற்ற அம்மாக்கள் ராஜா ராணி கதை சொல்வார்கள். குருவியின் அம்மா சேற்றுக் கதைதான் சொல்வார்.

அம்மா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் மழை விட்டதும் சைக்கிள் பந்தயம் நடக்குமாம். சேறு, புல், மணல் எல்லாவற்றிலும் ஓட்ட வேண்டும். ஏறவே முடியாத மேடு வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். அப்போது கூட்டாளிகள் எல்லாரும் "தோள் கொடு, தோள் கொடு" என்று கத்துவார்களாம்.

"அவ்வளவு நேரம் அது நம்மளச் சுமந்துச்சுல்ல? கொஞ்ச நேரம் நாம அதைச் சுமந்தா என்ன?" என்பார் அம்மா. கதையில் அந்த இடம் வரும்போது பின்னல் இறுகிவிடும். குருவியின் புருவம் இரண்டும் மேலே போய்விடும்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். தினமும் சைக்கிளில்தான் போய்வருவார். அந்த சைக்கிளின் பிரேம் போன வாரம் விரிசல் விட்டுவிட்டது. பற்றவைத்தாலும் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று பேரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள். அப்பாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு டயராக அமுக்கிப் பார்த்து, "ம், நல்ல காத்து" என்று தலையாட்டினார்.

"எதுக்கு வேணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வேலைக்குப் போகத்தான். மெல்லிசு டயர், முன்னால ஒரு கூடை. அது போதும்" என்றார் அம்மா.

வாய்தான் அப்படிச் சொன்னது. கண்ணோ மூலையில் நின்ற வேறு இரண்டு சைக்கிள்களையே சுற்றிச் சுற்றி வந்தது. வளைந்த ஹேண்டில்பார், முள் முள்ளாகத் தடித்த டயர். குருவி அதைக் கவனித்துவிட்டாள்.

"அது என்ன சைக்கிள், மாமா?"

"சைக்ளோகிராஸ். சேத்துலயும் ஓடும், ரோட்டுலயும் ஓடும். கறுப்பு, பந்தயத்துக்குன்னே செஞ்சது. பச்சை கொஞ்சம் கனம்."

"அதெல்லாம் நமக்கெதுக்கு? இந்த வயசுல சேத்துல விழுந்து எந்திரிக்கவா?" என்று அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

குருவி அந்த முள் டயரைத் தொட்டுப் பார்த்தாள். கூடை சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டால் அம்மாவின் பந்தயம் வெறும் கதையாகவே போய்விடும்.

அவள் அம்மாவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள். "தோள் கொடும்மா."

அம்மா யோசிக்கவே இல்லை. வலது கையைக் கறுப்பு சைக்கிளின் பிரேமுக்குள் விட்டார். சைக்கிள் தோளில் ஏறியது. கை தானாகப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டது. கடைக்குள் நாலு எட்டு ஓடியும் விட்டார். அப்பா பயந்துபோய் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

"ஒண்ணுமே மறக்கல" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. "அந்த மழை வாசனைகூட வருது. நான் முன்னால ஓடுவேன். என் சிநேகிதி திட்டிக்கிட்டே பின்னால வருவா. என் சேறெல்லாம் அவ மூஞ்சிலதான்."

"அப்ப கறுப்பையே எடுத்துடலாம்" என்றார் அப்பா.

குருவி குனிந்து பார்த்தாள். "இதுல தண்ணி பாட்டில் மாட்ட ஓட்டையே இல்லையே? மட்கார்டு எங்க மாட்டுறது? அம்மா முதுகெல்லாம் சேத்தோட கடைக்குப் போனா, வர்றவங்களுக்குக் கண்ணாடி இல்லாமலே நல்லாத் தெரியும்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பச்சையில ரெண்டுக்கும் வழி இருக்கு. பந்தயத்தன்னைக்குக் கழட்டிக்கலாம்."

அம்மா பச்சையைத் தூக்கிப் பார்த்தார். கனம்தான், ஆனால் தோளை உறுத்தவில்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"டயர்தான் இடிக்குது. முள் டயர்ல தினமும் ரோட்டுல மிதிச்சா கால் கழண்டுடும். மெல்லிசு டயர் சேத்துல வழுக்கும். ஞாயித்துக்கிழமை பந்தயம் ஓட்டி, வந்து டயர் மாத்தி, திங்கக்கிழமை வேலைக்கு ஓடி... என்னால ஆகாதுப்பா."

"டயர் மாத்துறது என் வேலை. நீ ஓட்டினாப் போதும்" என்றாள் குருவி.

"என்னையும் சேர்த்துக்கோ" என்றார் அப்பா. "அமுக்கிப் பார்க்க ஆள் வேணும்ல."

பச்சை சைக்கிள் இரண்டு ஜோடி டயரோடு வீட்டுக்கு வந்தது.

மழைக்காலம் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் பெரியவர்களுக்கான சேற்றுப் பந்தயமும் வந்தது. அம்மா கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். உடம்பெல்லாம் சேறு, பல் மட்டும்தான் வெள்ளை. வீட்டுக்கு வந்து குளித்தவர், சோபாவிலேயே தூங்கிப்போனார்.

குருவியும் அப்பாவும் சைக்கிளைக் கழுவிவிட்டு வேலையில் இறங்கினார்கள். அப்பா மூச்சு வாங்க முள் டயரைக் கழற்றினார். பிறகு அதையே திரும்ப மாட்டினார்.

"அப்பா, அது ஞாயிறு டயர். திங்கள் டயர் அங்க இருக்கு."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடியும் முதலிலிருந்து கழற்றினார்கள்.

காலையில் அம்மா அவசர அவசரமாக வாசலுக்கு வந்தார். மெல்லிசு டயர், மட்கார்டு, நிறையத் தண்ணீரோடு பாட்டில் என்று சைக்கிள் தயாராக நின்றது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், குனிந்து டயரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

பிறகு ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி திரும்பினார்.

"குருவி, அந்த முள் டயரைப் பத்திரமா எடுத்து வை. அடுத்த பந்தயம் எப்பன்னு சாயங்காலம் விசாரிச்சுட்டு வர்றேன்."