விமான இறக்கையில் ஒரு கசப்பு

"எங்கப்பாவைத் திருடன்னு சொல்றாங்க மேடம்," என்றாள் வந்தவள். சொல்லிவிட்டு அழுதாள்.

காப்புரிமைத் தகராறுகளில் உண்மையைத் துருவி எடுப்பதில் கைதேர்ந்தவள் அக்கா. அவளுக்குக் கார் ஓட்டுவதும், அவளை முந்திக்கொண்டு தப்பான முடிவுக்கு வருவதும் தம்பியின் வேலை.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அப்பா ரசாயன நிபுணர். விமான இறக்கையில் உறையும் பனியை உருக்க, வீட்டை ஒட்டிய கொட்டகையில் பல வருடம் பாடுபட்டு ஒரு திரவம் கண்டுபிடித்தார். காப்புரிமை கேட்கப் போனால், அதே கலவைக்கு ஒரு தொழிற்சாலை முந்திக்கொண்டு விண்ணப்பித்திருந்தது. அங்கே தலைமை நிபுணர், அப்பாவின் கல்லூரித் தோழர். கொட்டகைக்கு உரிமையோடு வந்து போனவர். அவர் வாயாலேயே திருட்டுப் பட்டம் கேட்ட அப்பா இடிந்துபோய்ப் படுத்துவிட்டார். பேச்சில்லை, சோறும் இறங்கவில்லை.

கொட்டகைக்குப் போனதும், ஜன்னல் உடைந்திருக்கிறதா என்று தம்பி ஆர்வமாகப் பார்த்தான். அக்காவோ மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த குட்டி நாற்காலியைப் பார்த்தாள். அம்மா இறந்தபின் தன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அப்பா கூடவே உட்கார்த்தி வைத்துக்கொள்வார் என்றாள் மகள். அக்கா திரவத்தில் ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்து, கசப்பு தாங்காமல் துப்பினாள். தம்பி பதறிப்போனான்.

"சின்ன வயசுல கண்டதையும் வாயில வைப்பியா?" என்று மகளிடம் கேட்டாள் அக்கா.

"அதுக்குத்தான் தினமும் திட்டு வாங்குவேன்."

மூவரும் போன தொழிற்சாலையில் திரவம் பூட்டிய தொட்டிகளில் இருந்தது. கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போவதில்லை. தலைமை நிபுணர் நன்றாகவே பேசினார். கலவையில் கசப்புப் பொருள் எதற்கு என்று அக்கா கேட்டபோது மட்டும் ஒரு கணம் தயங்கி, பனி சீக்கிரம் உருகத்தான் என்றார்.

கசப்பு சேர்த்தும் சேர்க்காமலும் கலக்கச் சொல்லி, இரண்டு தட்டுப் பனியில் ஊற்ற வைத்தாள் அக்கா. இரண்டும் ஒரே நேரத்தில் உருகின. அவர் முகம் சுண்டிப்போனது.

"கசப்பு சேர்க்காட்டி இந்தத் திரவம் இனிக்கும் சார். குழந்தை குடிச்சா உயிருக்கே ஆபத்து. பக்கத்துலயே பொண்ணை வெச்சுக்கிட்டு வேலை செஞ்சவர், அவ வாயில வெச்சா துப்பிடணும்னு கசப்பைச் சேர்த்தார். அது பழக்கமாயிடுச்சு. விமான இறக்கையை யார் நக்கப் போறாங்க? எதுக்குன்னு தெரியாததை விட்டுட பயந்து, நீங்க அதையும் சேர்த்து எடுத்துட்டீங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இதை அப்பா அவளிடம் சொன்னதே இல்லை.

தலைமை நிபுணர் மறுக்கவில்லை. பேர் வாங்கும் ஆசையில் புத்தி கெட்டுவிட்டது, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். இப்படி ஒருவனை நாலு அறை விடத் துடித்த தம்பிக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அது அப்புறம் மாமா," என்றாள் மகள். "இப்ப வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டும்மா வருவேன்?"

"அவர் சாப்பிடல மாமா."

தம்பி காரை எடுத்தான்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோழர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா," என்றார்.