கண்ணுக்குக் கீழே

அடையாறு சிக்னலில் மழை பிடித்துக்கொண்டபோது ரெனிட்டாவின் முகத்தில், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசிய சன்ஸ்கிரீன் இருந்தது. தோல் நிறத்தில் வரும் வகை. பூசி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

குடை இல்லை. திறந்திருந்த கதவு ஒன்றுக்குள் ஓடினாள். உள்ளே போன பிறகுதான் அது மூக்குக் கண்ணாடிக் கடை என்று தெரிந்தது. மூன்று சுவர்களிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகள். எல்லாவற்றிலும் அவள். கன்னத்திலிருந்து பழுப்பாக ஒழுகும் கிரீம். அதற்கடியில், நான்கு வருடங்களாக யாருக்கும் காட்டாத திட்டுகள்.

துப்பட்டாவை எடுத்துத் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதீங்க... ஒத்தி எடுங்க."

கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒருவன் டிஷ்யூ பெட்டியை நீட்டினான். முப்பத்தாறு வயது இருக்கலாம். சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று குத்தியிருந்தது.

"ஏன்? உங்க தரை அழுக்காயிடுமா?"

"உங்களுக்கு எரியும். பக்கத்து பில்டிங் ஸ்கின் டாக்டர்கிட்டேர்ந்துதானே வர்றீங்க?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அது என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?"

"இல்லீங்க. கையில மருந்துச் சீட்டு நனையுது."

குனிந்து பார்த்தாள். சீட்டில் டாக்டர் அன்வரி பேகத்தின் பெயர் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது.

சிரிக்கக் கூடாது என்றுதான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை இருட்டில் அந்தக் கடையில் வெளிச்சமாக இருந்தவை அவன் கண்கள் மட்டும்தான் என்று பட்டது. மனிதர்களின் பார்வை போகும் பாதை அவளுக்கு மனப்பாடம். முதலில் கண். பிறகு இடது கன்னம். பிறகு வலது கன்னம். அப்புறம் அவசரமாக வேறெங்கோ. இவன் பார்வை கண்ணிலேயே நின்றது. கீழே இறங்கவே இல்லை.

மழை விட்டது. அவள் நன்றி சொல்லாமல் வெளியே போனாள். பஸ் மந்தைவெளி தாண்டும்வரை அந்தக் கண்கள்தான்...

*

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளியில் ரெனிட்டா பி.டி. மிஸ். பத்து வருடங்களாக விசிலும் வெயிலும். இருபத்தொன்பதாவது வயதில் கன்னத்தில் முதல் திட்டு வந்தது. சாந்தோமில் பெண் பார்க்க வந்த ஒரு பையனின் அம்மா, காபியை வைத்துவிட்டு, "போட்டோல இது இல்லையே" என்றாள். மறுநாள் மாலை மந்தைவெளி மருந்துக்கடையில் கொடுத்த ட்யூபை வாங்கினாள். ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினாள். எரிந்தது, சிவந்தது, முன்பைவிடக் கருத்தது. மறுபடி பூசினாள். நான்கு வருடங்கள் ஓடின.

"மூணு மருந்து கலந்த ட்யூப் இது. ஒண்ணு ஸ்டீராய்டு. டாக்டர் பார்வையில எட்டு வாரம் போடறது. நீ நாலு வருஷம் போட்டிருக்கே," என்று அந்த மழை நாளன்று அன்வரி பேகம் திட்டினார். பிறகு ஒவ்வொன்றாக எழுதினார். ட்யூபை நிறுத்து. தோல் அடங்கட்டும். சன்ஸ்கிரீன் மூன்று வேளை, வீட்டுக்குள் இருந்தாலும். காலையும் இரவும் மாத்திரை. இரவில் வேறொரு கிரீம். தோல் தாங்கினால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மேல்தோலை லேசாக உரிக்கும் பீல்.

"இத்தனையா டாக்டர்?"

"ஒண்ணை மட்டும் நம்பித்தானே இப்படி ஆச்சு? எல்லாத்தையும் சேர்த்து, மெதுவா போகணும்."

"போயிடுமா?"

"போகாது. அடங்கும்."

*

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி அந்தக் கடைப் படியேறினாள். காரணம் ஒன்று தயாராக வைத்திருந்தாள்.

"கண்ணு மங்கலா தெரியுது."

அவன் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னான். கடைசி வரிவரை தப்பில்லாமல் படித்துவிட்டாள். பி.டி. மிஸ்ஸுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"கண்ணு நல்லா இருக்கே..."

"அப்ப வெயில் கண்ணாடி குடுங்க. நாள் பூரா கிரவுண்டுல நிக்கறேன்."

அவன் ஒரு சின்ன ஸ்கேலை அவள் மூக்கின் மேல் குறுக்காக வைத்தான். இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டுமாம். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. கண் சிமிட்டக் கூடாது என்றான். அவள் சிமிட்டவில்லை. நான்கு வருடங்களில் எந்த ஆணையும் இவ்வளவு அருகே வரவிட்டதில்லை.

"அறுபத்திரண்டு," என்றான்.

அவள் பெரிய ஃபிரேம் ஒன்றை எடுத்தாள். பாதிக் கன்னத்தை மூடிவிடும். அவன் அதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தான்.

"அது கன்னத்துல உட்காரும். உரச உரசக் கருக்கும். இது மூக்குல மட்டும் நிக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்கு வர்றவங்க சொல்லுவாங்க." பில் புத்தகத்தைத் திறந்தான். "பேரு?"

"ரெனிட்டா. உங்க பேரு?"

"நல்லசிவம்."

"தாத்தா பேரு மாதிரி இருக்கு."

"தாத்தா பேருதான்."

இப்போது அவள் சிரித்துவிட்டாள். அவனும்... அப்போதும் கண்ணைத்தான் பார்த்தான்.

டிசம்பரில் ஒருநாள் மழை விடவே இல்லை. அவன் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிவந்தான். ஸ்கூல் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், தன்னையறியாமல் அந்த ட்யூபைப் பற்றிச் சொன்னாள்.

"இருமல் மருந்து வாங்கத்தான் போனேன். மந்தைவெளியில ஒரு மெடிக்கல்ஸ். கவுண்டர் மேல ஒரு குட்டிக் கண்ணாடி வெச்சிருப்பாங்க. வட்டமா, பச்சை ஃபிரேம் போட்டு. சில்லறைக்காக நின்னப்ப அதுல என் மூஞ்சி தெரிஞ்சுது. முந்தின நாள்தான் பொண்ணு பார்க்க வந்த ஒரு அம்மா, 'போட்டோல இது இல்லையே'ன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. பார்த்துக்கிட்டே நின்னேன். கடைக்காரரு, 'இதுக்கு நல்ல கிரீம் ஒண்ணு வந்திருக்கும்மா'ன்னாரு..."

நல்லசிவம் டீயை அப்படியே கீழே வைத்தான். எழுந்து, துடைத்து வைத்திருந்த லென்ஸ் ஒன்றை மறுபடி துடைத்தான்.

"நான் பாட்டுக்குச் சொல்றேன். போரடிக்குதா?"

"இல்ல. சொல்லுங்க," என்றான். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

*

"மூணு வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக் கடையா? உனக்கு என்ன எட்டுக் கண்ணா இருக்கு?" என்று கேட்டாள் அம்மா கிளாடிஸ். "பையன் பேரென்ன?"

"நல்லசிவம்."

கிளாடிஸ் மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு நின்றாள். "ஞானஸ்நானம் வாங்குவானா?"

"மம்மி, அவரு இதுவரைக்கும் ஒரு டீதான் வாங்கித் தந்திருக்காரு."

"வந்தவனெல்லாம் உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போனான். இவன் என்னத்தைப் பார்த்தானாம்?"

"கண்ணை."

"கண்ணை மட்டும் பார்த்தா போதுமாடி?" என்றாள் கிளாடிஸ். "முழுசா பார்க்கச் சொல்லு. அப்புறம் நான் ஃபாதர்கிட்ட பேசறேன்."

அம்மா விளையாட்டாகச் சொல்லவில்லை. ரெனிட்டா அன்று முழுக்க அதை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

*

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. அன்வரி பேகம் அவள் முதன்முதலில் வந்த நாளில் எடுத்த படத்தையும் அன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். திட்டுகளில் பாதிதான் மீதி. சிவப்பு அறவே இல்லை. ரெனிட்டா முகம் கழுவினாள். பைக்குள் சன்ஸ்கிரீன் இருந்தது. எடுக்கவில்லை. வெறும் முகத்தோடு நிழல் பார்த்து இருபது அடி நடந்து கடைக்குள் போனாள்.

கடையில் வேறு யாருமில்லை.

"நல்லசிவம்... பாருங்க."

அவன் நிமிர்ந்தான். கண்ணைப் பார்த்தான்.

"கண்ணை இல்ல."

அவன் பார்வை கண்ணிலேயே நின்றது.

"எல்லாரும் பார்த்த இடத்தை நீங்க பார்க்கவே இல்ல. அதுக்காகத்தான் இந்தப் படியேறினேன். இன்னிக்கு நானே கேக்கறேன். முழுசா பாருங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முடியல."

"அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

"ஐயோ... இல்லீங்க." ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். "அந்தப் பச்சைக் கண்ணாடி. மந்தைவெளிக் கடையில. அதை அங்க வெச்சது நான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஏழு வருஷம் மருந்துக் கம்பெனியில மெடிக்கல் ரெப்பா இருந்தேன். மந்தைவெளியிலேர்ந்து திருவான்மியூர் வரைக்கும் என் ஏரியா. அந்த ட்யூபை டாக்டர்கிட்டதான் கொண்டுபோகணும். டாக்டரு எழுதினா மாசத்துக்கு ஏழோ எட்டோ போகும். கடைக்காரரே எடுத்துக் குடுத்தா நூறு போகும். கண்ணாடி என் ஐடியா. கவுண்டர்ல நிக்கறவங்க மூஞ்சியைப் பார்க்கணும். பார்த்தா கேப்பாங்க. நாப்பது கடையில வெச்சேன்... எனக்கு அதுக்குப் பரிசு குடுத்தாங்க."

"அப்புறம்?"

"ஒரு கடையில ஒரு பொண்ணு மூஞ்சியெல்லாம் வெந்துபோயி வந்து நின்னுச்சு. அந்த மாசமே வேலையை விட்டேன். கண்ணாடிங்களைத் திரும்ப எடுக்கல. இன்னும் அங்கதான் இருக்கும். நீங்க மழையில ஓடிவந்தப்ப, பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு அது எந்த ட்யூப்னு. அதுக்கப்புறம் உங்க கண்ணுக்குக் கீழ என்னால பார்க்க முடியல."

வெளியே ஓர் ஆட்டோக்காரன் யாரையோ, "இன்னாக்கா, ஏறப் போறியா, இல்ல நிக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று மாதங்களாக அவள் தூங்கப்போகும் முன் நினைத்துக்கொண்ட பார்வை அது. அதை அன்பு என்று வைத்திருந்தாள். அது ஒருவன் தன் குற்றத்தைப் பார்க்காமல் இருந்த பார்வை.

"எதுக்கு இப்ப சொல்றீங்க? சொல்லாமலே இருந்திருக்கலாமே!"

"உங்களைப் பிடிச்சிருக்கு, ரெனிட்டா." முதல் தடவையாகப் பெயர் சொன்னான். "சொல்லாமலே கட்டிக்கிட்டா தினமும் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே பொய் சொல்லணும். அதுக்கும் எனக்குத் தெம்பில்ல."

அவள் ஃபிரேம் போட்டுப் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே பெரிய கண்ணாடி. பைக்குள்ளிருந்து சன்ஸ்கிரீனை எடுத்தாள். அம்மா வீட்டில் இருந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு பூசுகிறவள் அவள்.

"நான் பூசி முடிக்கற வரைக்கும் பார்க்கணும்," என்றாள். "வேற எங்கயும் பார்க்கக் கூடாது."

நடுவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இரண்டு கோடுகளாகப் பிதுக்கினாள். நெற்றி. மூக்கு. இடது கன்னத்தில் மீதமிருந்த திட்டின் மேல் மெதுவாக. கண்ணாடி வழியே அவன் பார்வை இறங்குவதைக் கண்டாள். இடது கன்னத்துக்கு வந்தது. வலதுக்குப் போனது. வேறெங்கும் ஓடவில்லை. அவன் அழுதுகொண்டே பார்த்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தால் கிரீம் கரைந்துவிடும்.

பூசி முடித்து மூடியைத் திருகினாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி. "அதை நினைச்சாத்தான் எரியுது."

"மூணு வாரம் கழிச்சு..."

"டாக்டர்கிட்ட வருவேன். அதுக்கு முன்னாடி அந்த நாப்பது கண்ணாடியையும் எடுத்துட்டு வந்து இங்க போடுங்க. எடுத்தாலும் இந்தப் படி ஏறுவேனான்னு எனக்கே தெரியல."

எழுந்து வெயில் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். படியிறங்கியதும் மாலை வெயில் முகத்தில் அடித்தது. பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். வியர்த்தது. கண்ணாடி கொஞ்சமும் நழுவவில்லை. அவன் அளந்து கொடுத்தது, கன்னத்தில் எங்கும் படவில்லை.