வெள்ளோட்டக் கச்சை

“ஏனுங்க டாக்டரம்மா, கோளாறு இடுப்புலன்னு சொல்றீங்க. எரியறது காலாச்சே?”

சென்ற வாரம் தர்ஷிணி அப்படிக் கேட்டபோது மருத்துவர் நிலோஃபர் சிரித்துக்கொண்டே, காற்றில் மிதந்த ஒளிப்படிமத்தில் விரலை வைத்தார்.

“காலுக்குப் போற நரம்பெல்லாம் முதுகெலும்புக்குள்ள இந்தச் சந்து வழியாத்தான் இறங்குது. வயசாக ஆக எலும்பு தடிச்சு, சந்து குறுகிருச்சு. நிமிர்ந்து நடந்தா இன்னும் நெருக்கும், குனிஞ்சா கொஞ்சம் விடும். கடையில தள்ளுவண்டியப் பிடிச்சுக் குனிஞ்சு நடந்தா சுகமா இருக்குதுன்னீங்களே, அதனாலதான். நெருக்கற எலும்பைச் செதுக்கி எடுத்துட்டா நரம்புக்கு மூச்சு வரும்.”

“முழுசாச் சரியாயிருமுங்களா?”

“நான் சொன்னா நம்புவீங்க. அப்புறம் வந்து சண்டை போடுவீங்க. ஒரு சாயங்காலம் நடந்து பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.”

இன்றுதான் அந்தச் சாயங்காலம். வாலாங்குளத்துக் கரையில், புடவைக்கு மேல் வெள்ளோட்டக் கச்சையைக் கட்டிக்கொண்டு நின்றாள் தர்ஷிணி.

புரிகிறதோ இல்லையோ, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்ட காலம் மலையேறிவிட்டது. பல்செட்டோ, மூட்டு மாற்றமோ, எதுவானாலும் முதலில் வெள்ளோட்டம், சம்மதம் பிறகு. அறுவை சிகிச்சை எந்த வலியைப் போக்குமோ அதை மட்டும் கச்சை அடக்கிவைக்கும். போக்காததை அப்படியே விட்டுவிடும். பொய் சொல்லத் தெரியாத கருவி. நரம்பு உள்ளே நசுங்கிக்கொண்டே இருப்பதால் ஒரு சாயங்காலத்துக்கு மேல் கட்டக்கூடாது.

“பொண்ணு பாக்க வந்தப்பவே இப்படியொரு கச்சை இருந்திருக்கோணும்” என்றார் அவள் கணவர் கோகுல்நாத்.

“இருந்திருந்தா இன்னைக்கும் நீங்க பொண்ணுதான் பாத்துட்டு இருப்பீங்க மாமா.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தர்ஷிணி பொத்தானை அழுத்தினாள். இடுப்பில் ஒரு குளிர்ச்சி. நடந்தாள்.

கால் எரியவில்லை. முதல் பெஞ்சைத் தாண்டினாள். வழக்கமாக அங்கேயே உட்கார்ந்து, முழங்கால்மீது கவிழ்ந்துகொள்வாள். இரண்டாவது பெஞ்சும் போயிற்று. வலது பாதத்தில் மரமரப்பு இருந்தது. இடுப்பில் பழைய கடுப்பும் இருந்தது. அவை போகாது என்று கச்சை நேர்மையாகச் சொல்லிவிட்டது. ஆனால் நிமிர்ந்து நடந்தாள். குளத்து நாரைகளை நின்று பார்க்க முடிந்தது.

“அட, பறக்கறயே அம்மணி!” அவர் கண் கலங்கிவிட்டது. அவள் முழங்கையைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்தார். அந்தக் கை போய், மற்றக் கையோடு முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டது.

கொஞ்ச தூரம் கூடவே வந்தார். பிறகு ஓரடி முன்னே போனார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேப்பமரத்தைத் தாண்டிவிட்டார்.

அவளுக்கு அந்த முதுகு நன்றாகத் தெரியும். கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும், பையும் பிள்ளையுமாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அவள் வாழ்க்கை நடந்தது. கெட்ட மனுஷர் இல்லை. அவர் அப்பா அப்படி நடந்தார், இவரும் நடந்தார். அவள் கால் எரியத் தொடங்கிய பிறகுதான் பக்கத்தில் வந்தார். ஒவ்வொரு பெஞ்சிலும் அவள் குனிந்து உட்கார்ந்திருக்க, அவருக்கும் வேறு வேலையில்லை; பேசினார். பம்ப்செட் கம்பெனியில் தன்னை ஓரங்கட்டியதை, மகளைத் திட்டிவிட்டு மாடியில் போய் அழுததை, செத்துப்போவதை நினைத்தால் வரும் பயத்தை. எரிகிற காலோடு அவள் கேட்ட பேச்சுகள் அவை. தனக்குக் கல்யாணமானதே அந்த பெஞ்சுகளில்தான் என்று அவளுக்குச் சில நாள் தோன்றியிருக்கிறது.

கச்சை வந்தால் அறுவை அரங்குகளில் கூட்டம் முட்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வலி சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்னவர்களிலேயே பலர் கச்சையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்று போய்விட்டார்கள். காரணம் கேட்டால் மழுப்பினார்கள். மருத்துவர்களுக்கு அது பிடிபடவேயில்லை. தர்ஷிணிக்கு இப்போது பிடிபட்டது. நரம்பின் நாளையைக் காட்டத்தான் கச்சையைச் செய்தார்கள். அது வீட்டின் நாளையையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது.

அவள் நின்றுவிட்டாள்.

தூரத்தில் ஏதோ உறைத்துத் திரும்பிப் பார்த்த கோகுல்நாத், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னாச்சு அம்மணி? எரியுதா? அப்பவே நினைச்சேன், இந்தக் கருமம் வேலை செய்யலை. உக்காரு, உக்காரு. டாக்டருக்குப் போன் போடறேன்.”

மூச்சிரைக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறுவை சிகிச்சை கிடையாது. நாளையும் இதே கை தோளில் இருக்கும், இதே பெஞ்சில் பேச்சு இருக்கும். காலும் எரியும். அவள் வாய்வரைக்கும் அந்த ஆமாம் வந்துவிட்டது.

“எரியலீங்க மாமா.”

“பின்னென்ன? ஏன் நின்னுட்ட?”

தர்ஷிணி அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். புதுப்பெண்ணாக அவர் பின்னால் நடந்த முதல் நாளே தொண்டையில் வந்து நின்ற பேச்சு அது.

“எனக்கு நல்லா இருக்கறப்பவும் என்ற பக்கத்துலயே நடங்க மாமா.”